அரைப் பவுண்டு பாட்டு

ராயபுரம் மன்னார்சாமி கோயில் தெருவில் பன்னிரண்டு வருஷமாகக் கிராமபோன் பழுது பார்த்துக்கொண்டும், பத்து இருபது இசைத்தட்டுகள் விற்றுக்கொண்டும் யாருக்கும் ஒரு தீங்கும் செய்யாமல் இருந்தவர் கலீலுல்லா. 1950-ஆம் வருஷம் தை மாதம் அவருடைய கடை முன்னேறிவிட்டது. அவருக்கு வந்த கஷ்டமெல்லாம் அதிலிருந்துதான்.

முன்னேற்றியது அவர் அல்ல. எஸ்பிளனேடில் தலைமை ஆபீஸ் வைத்துக்கொண்டு பட்டணம் முழுக்கப் பாட்டுக் கடை திறந்துகொண்டு வந்த சுகஸ்வர ஸ்டோர்ஸ் லிமிடெட், கட்டிடத்துக்காரரிடம் பேசி அந்த இடத்தை வாங்கிவிட்டது. கடையில் என்னென்ன இருக்கிறது என்று ஜாபிதா எடுக்க வந்த குமாஸ்தா, மேஜை ஒன்று, அலமாரி இரண்டு, ஸ்டூல் ஒன்று என்று எழுதிக்கொண்டே போய்க் கடைசி வரியில், ‘பழுது பார்ப்பவர் ஒருவர்’ என்று முடித்தார். இப்படியாகக் கலீலுல்லா கம்பெனியின் ஒன்பதாம் கிளைக்குப் பொறுப்பாளர் ஆனார். அவருக்கு ஒரு காக்கிக் கோட்டும், நூற்றுப் பன்னிரண்டு விதிகள் அடங்கிய ஒரு புத்தகமும் கொடுத்தார்கள்.

புத்தகத்தை அவர் மனைவி ரஹீமுன்னிசாதான் முதலில் படித்தாள். நாலு பக்கம் புரட்டிவிட்டு, “ஏங்க, இதுல பாட்டப் பத்தி ஒண்ணுமே இல்லியே” என்றாள்.

அவள் சொன்னது சரிதான். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்ததும் ஜெனரல் மானேஜர் படத்துக்கு மாலை போட வேண்டும் என்று அதில் இருந்தது. வாடிக்கையாளர் உள்ளே வந்தால், ‘கேளுங்கள், கொடுங்கள், மாற்றுங்கள்’ என்று மூன்று முறை சொல்லி வரவேற்க வேண்டும். எந்தத் தட்டையும் ஒரு நிமிஷத்துக்கு மேல் போட்டுக் காட்டக் கூடாது. முழுப் பாட்டும் கேட்டவனுக்கு வாங்கும் ஆசை போய்விடும். அதிகம் விற்கும் தட்டுகளைக் கிளையில் வைத்திருக்கக் கூடாது. அவை விற்றுத் தீர்ந்துவிடுகின்றன, அதனால் சரக்கு இருப்பு குறைவாகத் தெரிகிறது என்று அதற்குக் காரணமும் போட்டிருந்தது.

இவையெல்லாம் சில்லறை. கம்பெனியின் உயிர்நாடி மாற்றுத் திட்டம்தான். இரண்டு பழைய தட்டு கொண்டுவந்து கொடுத்தால் ஒரு புதுத் தட்டு பாதி விலைக்குக் கிடைக்கும். பழைய தட்டுகளைக் கம்பெனி எண்ணூருக்கு அனுப்பி, உடைத்து, அரக்காக விற்றுவிடும். தண்டையார்பேட்டையில் டீக்கடை வைத்திருந்த ஒருவர் முப்பது தட்டோடு இந்தத் திட்டத்தில் சேர்ந்தார். முப்பது பதினைந்தாயிற்று, பதினைந்து எட்டாயிற்று. ஒரு வருஷத்தில் அவரிடம் ஒரே ஒரு தட்டு மிஞ்சியது. அதை மாற்ற இன்னொரு தட்டு வேண்டியிருந்ததால், முழு விலை கொடுத்து ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்குத் தலைமை ஆபீஸிலிருந்து கலீலுல்லாவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

அடுத்த வருஷம், கிறிஸ்தவர்களின் நாற்பது நாள் தவசுகாலம் ஆரம்பித்த வாரம், சிலுவையம்மாள் தலையில் ஒரு பாட்டுப் பெட்டியைச் சுமந்துகொண்டு கடைக்கு வந்தாள்.

காசிமேட்டுக் குப்பத்துக்காரி. காலையில் மீன் விற்றுவிட்டு, கையைக் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். கம்பெனி வருவதற்கு முன்பிருந்தே கலீலுல்லாவுக்கு அவளைத் தெரியும். அந்தப் பெட்டியையும் தெரியும்.

“பாய், சுத்தினா சுத்திகினே கீது. இறுகவே மாட்டேங்குது. இன்னான்னு பாரு.”

அவர் மூடியைத் திறந்து பார்த்தார். “ஸ்பிரிங் அறுந்துபோச்சும்மா. வேற போடணும். பத்து நாளாகும்.”

“ஆவட்டும். தவசுல பாட்டு போட மாட்டோம். ஈஸ்டரு போயி மறு பொதங்கெயம எம் பொண்ணுக்கு கண்ணாலம். அன்னிக்கு பாடணும், அவ்ளோதான்.”

“அமலோற்பவத்துக்கா? அட! மாப்பிள்ளை எங்க?”

“ஆர்பர்ல கிரேன் ஓட்டறான். நல்ல பையன்.” சிலுவையம்மாள் பெட்டி மூடியின் உட்பைக்குள் கையை விட்டு ஒரு தட்டை எடுத்தாள். லேபிளில் ‘சூசைநாதன், ராயபுரம்’ என்று அச்சடித்திருந்தது. ஓரத்தில் மெழுகுவர்த்திச் சொட்டு ஒன்று விழுந்து உறைந்திருந்தது. “பிளேட்டும் ஒங்கிட்டயே இருக்கட்டும். ஸ்பிரிங் மாத்துனா இத்த போட்டுப் பாத்துட்டுத்தான் குடுக்கணும். வேற பாட்டு எது பாடினாலும் நான் நம்ப மாட்டேன்.”

சூசைநாதன் அவள் புருஷன். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன். மாதா கோயில் நாடகத்தில் ஆபிரகாம் வேஷம் கட்டிப் பாடினால் குப்பமே அழும். யாரோ ஒரு வெள்ளைக்காரன் வந்து அந்தப் பாட்டைத் தட்டில் பிடித்துக்கொண்டு போய், ஆறு தட்டு மட்டும் போட்டான். அந்த வருஷமே கப்பலிலிருந்து இறங்கின இரும்புக் கட்டு சங்கிலி அறுந்து சூசைநாதன் மேல் விழுந்தது. சிலுவையம்மாளுக்கு அப்போது எட்டு மாசம். பிறந்த பெண் அப்பனைப் பார்த்ததில்லை. போட்டோ கிடையாது. அந்த மூன்று நிமிஷம்தான் அவளுக்கு அப்பன்.

மற்ற ஐந்து தட்டும் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது.

ஒன்பதாம் நாள், கலீலுல்லா புது ஸ்பிரிங் போட்டுவிட்டு, சூசைநாதன் தட்டை மேஜையில் எடுத்து வைத்த நேரத்தில், கம்பெனி இன்ஸ்பெக்டர் தாமோதரன் வந்து சேர்ந்தார்.

தாமோதரன் கெட்டவர் அல்ல. விதிப் புத்தகம் முழுவதும் மனப்பாடம் செய்தவர், அவ்வளவுதான். ஜெனரல் மானேஜர் படத்தின் மாலையை முகர்ந்து பார்த்தார். வாடிக்கையாளர் நிற்க வேண்டிய கோட்டுக்கும் அலமாரிக்கும் நடுவே நாடா வைத்து அளந்தார். பிறகு மேஜையைப் பார்த்தார்.

“இது என்ன?”

“ஒரு அம்மாவுது சார். பொட்டி ரிப்பேருக்கு வந்துது. கூடவே குடுத்துட்டுப் போயிருக்காங்க.”

“பழைய தட்டுதானே?”

“பழசுதான் சார்.”

“கடைக்கு உள்ளே இருக்கிறது.”

“ஆமா சார்.”

“அப்படியானால் அது மாற்றுச் சரக்கு. விதி பதினாலு. கிளையின் நிலைப்படிக்கு உள்ளே காணப்படும் பழைய தட்டு எதுவும் மாற்றுச் சரக்காகவே கருதப்படும்.” தாமோதரன் தட்டை எடுத்துத் தோல்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கலீலுல்லாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மேஜையைச் சுற்றி ஓடிவந்தார். “சார், சார், அவங்க மாத்தறதுக்குக் குடுக்கல. செத்துப்போன வூட்டுக்காரர் பாடின பாட்டு சார்.”

“மாற்றுவதற்குக் கொடுக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தாளா?”

“அவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார்.”

“பார்த்தீர்களா? எழுத்து மூலமான மறுப்பு இல்லை.” தாமோதரன் குரலைத் தாழ்த்தினார். “இதோ பாருங்கள் கலீலுல்லா. இந்த வட்டாரத்தில் இந்த மாதம் எனக்கு எண்பது தட்டு குறைகிறது. வீட்டில் நாலு குழந்தைகள். நான் ஒரு தட்டை விட்டுவிட்டுப் போனால் அதற்கு யாரிடம் பதில் சொல்வேன்? உங்கள் வாடிக்கையாளருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. மாற்றுச் சீட்டு தருகிறேன். இன்னொரு பழைய தட்டு கொண்டுவந்தால் போதும், பாதி விலைக்குப் புதுத் தட்டாகவே எடுத்துக்கொள்ளலாம். புதுசு, பழசைவிட மேல் அல்லவா?”

சீட்டை மேஜையில் வைத்துவிட்டு, ‘கேளுங்கள், கொடுங்கள், மாற்றுங்கள்’ என்று சொல்லிப் போய்விட்டார்.

மறுநாள் சிலுவையம்மாள் வந்தாள். கலீலுல்லா சீட்டை நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை.

“இன்னா பாய் இது, காயிதம்? பிளேட்டு எங்க?”

அவர் சொன்னார். அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். மீன் அங்காடியில் நாலு தெருவுக்குக் கேட்கிற குரல் அவளுக்கு. அவள் சத்தம் போடவில்லை. ஸ்டூலில் குந்திக்கொண்டாள்.

“நீ போயி கேட்டா குடுத்துடுவாங்களா?”

“குடுப்பாங்கம்மா. நான் வாங்கித் தர்றேன். கண்ணாலத்துக்கு முன்னாடி ஒங்க கையில இருக்கும்.”

“அப்ப சரி. ஒன்ன நம்பிகினு கீறேன்.”

கலீலுல்லா மறுநாளே அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் திருவொற்றியூர் போனார். தேரடிக்குப் பக்கத்தில் கம்பெனியின் மண்டல ஆபீஸ் இருந்தது. அங்கே ஓர் அதிகாரி முன்னால் ஒரு தராசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“சூசைநாதன்னு பேர் போட்டிருக்கும் சார். ஓரத்துல மெழுகு விழுந்திருக்கும்.”

“பேர் சொன்னால் எப்படித் தேடுவது? எடை என்ன?”

“பாட்டுக்கு எடையா சார்?”

“எடை இல்லாவிட்டால் நாங்கள் அதை எப்படிப் பாட்டு என்று தெரிந்துகொள்வது?” அதிகாரி உண்மையாகவே கேட்டார். பிறகு ஏட்டைப் புரட்டி, அந்தத் தேதியில் ஒன்பதாம் கிளையிலிருந்து அரைப் பவுண்டு வந்திருப்பதாகவும், அது எண்ணூர்க் கிடங்குக்குப் போய்விட்டதாகவும், அரைப் பவுண்டைத் திருப்பித் தரும் அதிகாரம் ஜெனரல் மானேஜருக்கு மட்டும்தான் உண்டு என்றும் சொன்னார்.

ஜெனரல் மானேஜர் திருஞானத்தை மாதத்தில் ஒரு தடவைதான் பார்க்க முடியும். முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாக் கிளைப் பொறுப்பாளர்களும் எஸ்பிளனேடு ஆபீஸ் மாடியில் காக்கிக் கோட்டோடு கூட வேண்டும். காபி கிடையாது, பிரசங்கம் உண்டு. கலீலுல்லா அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக இரண்டு வாரம் காத்திருந்தார்.

திருஞானம் சில்க் ஜிப்பாவும் தங்கப் பொத்தானுமாக மேடையில் நின்றார். குரல் கணீரென்று இருந்தது.

“சகோதரர்களே! ஜனங்கள் நம்மைப் பாட்டு விற்கிறவர்கள் என்று நினைக்கிறார்கள். அது தவறு. பாட்டு விற்றால் என்ன ஆகும்? வாங்கினவன் வீட்டுக்குப் போவான். கேட்பான். சந்தோஷப்படுவான். சந்தோஷப்பட்டவன் மறுபடி கடைக்கு எதற்கு வருவான்? நம்முடைய சரக்கு பாட்டு அல்ல, குறை! ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தட்டு குறைகிறது என்ற எண்ணத்தை நாம் விற்கிறோம். போன வருஷம் நாம் விற்றது நாற்பதாயிரம் தட்டு. உடைத்தது எழுபதாயிரம். வெகு சீக்கிரத்தில் இந்தப் பட்டணத்தில் யார் வீட்டிலும் தட்டே இருக்காது. அந்தப் பொன்னாளில் எல்லோரும் நம் கடை வாசலில் நிற்பார்கள்!”

எல்லோரும் கை தட்டினார்கள். விதி முப்பத்தெட்டின்படி ஒன்றரை நிமிஷம் தட்டினார்கள்.

பிறகு யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டார். நாலு வருஷமாக அந்தக் கேள்விக்கு யாரும் எழுந்ததில்லை. கலீலுல்லா எழுந்தார். சிலுவையம்மாள் கதையைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தார்.

திருஞானம் கண்களைத் துடைத்துக்கொண்டார். நடிப்பல்ல, உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

“கேட்டீர்களா? பதினெட்டு வருஷம்! ஒரே ஒரு தட்டு! பதினெட்டு வருஷமாக இவளுக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. அந்தப் பெண்மணிக்கு நாம் எத்தனை தட்டு விற்றிருக்கலாம்! சகோதரர்களே, இது நம் எல்லோருடைய தோல்வி.” மார்பில் கை வைத்துக்கொண்டார். “இருந்தாலும் நம் கம்பெனிக்கு இதயம் உண்டு. விடுவிப்பு ஆணை தயார் செய்யுங்கள். நானே கையெழுத்துப் போடுகிறேன்.”

மறுபடியும் ஒன்றரை நிமிஷம் கை தட்டல்.

கம்பெனி வரலாற்றில் அதற்கு முன் ஒரு தட்டும் விடுவிக்கப்பட்டதில்லை. ஆகவே ஆணை எப்படி எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கமிட்டி போட்டு அதற்கு வாசகம் அமைத்தார்கள். நாலு பேர் கையெழுத்துப் போட்டார்கள். நாலாவது ஆள் ஈஸ்டருக்கு ஒரு வாரம் முந்தி வரும் குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள் மதுரைக்குப் போய்விட்டு, ஈஸ்டருக்கு மறுநாள் திரும்பி வந்தார். அன்று மாலை ஆணை கலீலுல்லா கைக்குக் கிடைத்தது. கல்யாணத்துக்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி.

செவ்வாய்க்கிழமை காலை அவரும் சிலுவையம்மாளும் கொருக்குப்பேட்டையில் ரயிலேறி எண்ணூரில் இறங்கினார்கள். தட்டைச் சுற்றி எடுத்துவர அவள், கோயிலுக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளை முக்காட்டுத் துணியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். கல்யாணப் பெண்ணுக்குப் பாட்டு விஷயம் தெரியாதாம். பெட்டி பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாளாம்.

“கோயில்ல தாலி கட்டிகினு வூட்டுக்குள்ள கால வெக்கறப்போ போடுவேன் பாய். அப்பன் பாடி கூப்டணும் அவள.”

உப்பளத்தைத் தாண்டி, முகத்துவாரத்துக்குப் போகிற வழியில், முள்கம்பி வேலிக்குள் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதுதான் கிடங்கு. கொட்டகைக்குள்ளும் வெளியிலுமாகத் தட்டுகள் ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ஒருவர் கருங்கல் முன்னால் உட்கார்ந்து மரச் சுத்தியால் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தார். வியாசர்பாடியிலிருந்து தினம் வந்து போகிற அப்பாவு. கிடங்கு சூப்பரண்டு பதினொரு மணிக்குத்தான் வருவார் என்றார்.

விஷயத்தைக் கேட்டதும் அப்பாவு சுத்தியைக் கீழே வைத்துவிட்டார். “ராயபுரம் சரக்கா? போன மாசத்து மூட்டை இன்னும் பிரிக்கவே இல்ல. அதோ அந்த மூலையில கீது. வா, தேடலாம்.”

மூன்று பேரும் ஒரு மணி நேரம் தேடினார்கள். கண்டுபிடித்தவள் சிலுவையம்மாள்தான். லேபிளைப் படித்து அல்ல. மெழுகுச் சொட்டை விரலால் தடவிப் பார்த்து. தட்டில் ஒரு கீறல் இல்லை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். கலீலுல்லா இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை.

அப்பாவு வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாய், நான் ஒண்ணு சொல்றேன். சூப்ரெண்டு வர்றதுக்கு இன்னும் நேரம் கீது. நீங்க ரெண்டு பேரும் வெளில போயி வேலியாண்ட நில்லுங்க. கம்பிக்கு அடியால நான் தள்ளி வுட்றேன். எடுத்துகினு போய்கினே இருங்க.”

கலீலுல்லா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். ஆணை இருந்தது. “வேணாம்பா. எதுக்குத் திருட்டுத்தனமா? ஆர்டர் கீது. ஜெனரல் மானேஜரே கையெழுத்துப் போட்டுக் கீறாரு.”

“அவங்க ஆர்டரப் பத்தி ஒனக்குத் தெரியாது பாய். பேஜாராப் பூடும்.”

சிலுவையம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நீ சொல்லு பாய். நீ இன்னா சொல்றியோ, அதான்.”

கலீலுல்லா யோசித்தார். இந்த ஒரு காகிதத்துக்காக நாற்பது நாள் அலைந்திருக்கிறார். வாழ்க்கையில் அவர் வாங்கின பெரிய காகிதம் அதுதான். அது கையில் இருக்கும்போது வேலிக்கு அடியில் கையை நீட்டுவதா? யாராவது பார்த்துவிட்டால் வேலையும் போகும்.

“இருக்கட்டும்மா. ராஜபாட்டையா வாசல் வழியா எடுத்துகினு போலாம்” என்றார்.

சூப்பரண்டு புருஷோத்தமன் சொன்னபடி பதினொரு மணிக்கு வந்தார். மரியாதை தெரிந்தவர். சிலுவையம்மாளுக்கு நாற்காலி போடச் சொன்னார். ஆணையை மூன்று முறை படித்தார். தட்டை வாங்கி, எடையைச் சரிபார்த்து, மேஜை மேல் வைத்தார்.

“ஆணை சரியாக இருக்கிறது. அரைப் பவுண்டு சரக்கை இந்த அம்மாளிடம் ஒப்படைக்க வேண்டும். கண்டிப்பாக ஒப்படைக்கிறேன்.”

“ரொம்ப சந்தோஷம் சார்.”

“ஒரு சின்ன விஷயம் மட்டும் இருக்கிறது.” புருஷோத்தமன் மேஜை இழுப்பறையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். “போன வருஷம் இங்கே திருட்டு நடந்தது. அதிலிருந்து, முழுத் தட்டு எதுவும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. இதிலும் ஜெனரல் மானேஜர் கையெழுத்துதான். பாருங்கள், ஒரே கையெழுத்து.”

கலீலுல்லா பார்த்தார். ஒரே கையெழுத்துதான். “அப்ப எந்த ஆர்டர் சார் செல்லும்?”

“இரண்டும் செல்லும். கம்பெனியில் ஓர் உத்தரவு இன்னொன்றைவிட உசத்தி என்று கிடையாது. ஒன்றை மீறினால் எனக்கு வேலை போகும். நேற்று போன் வந்ததிலிருந்து நான் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி தூக்கம் இல்லை. விடிகிற நேரத்தில்தான் வழி புலப்பட்டது. இரண்டையும் மீறாமல் செய்துவிடலாம்.” அவர் முகத்தில் நிஜமான திருப்தி தெரிந்தது. “அப்பாவு!”

அப்பாவு வந்தார். சூப்பரண்டு தட்டை நீட்டினார். அப்பாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“என்னால முடியாது சார்.”

“சரி, பரவாயில்லை” என்றார் புருஷோத்தமன், கோபமே இல்லாமல். அவரே தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கல்மேல் வைத்தார். என்ன நடக்கிறது என்று கலீலுல்லாவுக்கு விளங்கி, “சார்!” என்று அவர் கத்திக்கொண்டு ஓடுவதற்குள் நாலு அடி விழுந்துவிட்டது. துண்டுகள் ஒழுங்காக, ஒரே அளவாக உடைந்தன. சூப்பரண்டு பழைய கை.

துண்டுகளைப் பொறுக்கித் தராசில் போட்டுப் பார்த்தார். சிதறினது போக எடை கொஞ்சம் குறைந்தது. “கம்பெனி யாரையும் ஏமாற்றாது” என்று சொல்லி, பக்கத்துக் குவியலிலிருந்து வேறு ஏதோ தட்டின் துண்டு ஒன்றை எடுத்துப் போட்டார். முள் நேராக நின்றது. ‘சரியான எடையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் சிலுவையம்மாளின் பெருவிரலைத் தாமே பிடித்து மையில் தோய்த்து வைத்தார். அவள் விரலைக் கொடுத்துவிட்டுக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுதான் துண்டுகளை வெள்ளைத் துணியில் முடிந்து அவள் கையில் கொடுத்தார். வாசல்காரர் முடிச்சை அவிழ்த்துப் பார்த்து, முழுத் தட்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு சலாம் போட்டார்.

ரயிலில் அவள் முடிச்சை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திருவொற்றியூர் தாண்டின பிறகு கேட்டாள்.

“பாய், அந்த ஆளு வேலியாண்ட தர்றேன்னு சொன்னான் இல்ல?”

“ஆமாம்மா.”

“ஏன் வேணான்ன?”

கோபமாகக் கேட்டிருந்தால் அவர் எதையாவது சொல்லியிருப்பார். அவள் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகக் கேட்டாள். கொருக்குப்பேட்டையில் இறங்கி அவள் முன்னால் நடந்து போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு அவர் போகவில்லை. ரஹீமுன்னிசா போய்விட்டு வந்தாள். வந்ததும் புர்காவைக் கழற்றி மாட்டிவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்தாள்.

“இன்னா, பொண்ணு நல்லா இருந்துச்சா?”

“இருந்துச்சு. வாசப்படியில நின்னுகினு, அப்பா பாட்டு போடலையாம்மான்னு கேட்டுச்சு.”

“அதுக்கு?”

“பொட்டி இன்னும் ரிப்பேராயி வரலன்னு சொல்லிட்டாங்க. ஒங்க பேரக் கூடச் சொல்லலீங்க.”

பெட்டி என்றைக்கோ பழுது தீர்ந்து கடையிலேயே கிடக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

அடுத்த முதல் ஞாயிற்றுக்கிழமை எஸ்பிளனேடு மாடியில் திருஞானம் பேசினார். “நாற்பத்தோரு நாளில் ஒரு வாடிக்கையாளரின் குறை தீர்க்கப்பட்டிருக்கிறது. சரக்கு சரியான எடையில் சேர்ந்ததற்குக் கைநாட்டு என் மேஜையில் இருக்கிறது. கம்பெனிக்கு இதயம் இல்லை என்று இனி யாராவது சொல்லட்டும்!” இதைச் சாதித்த ஒன்பதாம் கிளைப் பொறுப்பாளரை எழுந்து நிற்கச் சொன்னார். கலீலுல்லா நின்றார். அவருக்காக ஒன்றரை நிமிஷம் தட்டினார்கள்.

பிறகு அறிவிப்பு வந்தது. எண்ணூர்க் கிடங்கில் மேலதிகாரியின் சொல்லை மறுத்த அப்பாவு என்ற தொழிலாளி நீக்கப்பட்டார். அந்த இடத்துக்கு, விடுவிப்பு வேலையில் அனுபவமுள்ள ஒரே ஆள் என்ற முறையில், கலீலுல்லா நியமிக்கப்படுகிறார். சம்பளம் பத்து ரூபாய் கூட. பதவியின் பெயர் இனிமேல் ‘தட்டு விடுவிப்பு அதிகாரி’. வேலை பழைய வேலைதான். சுத்தியும் பழைய சுத்திதான்.

“போவாதீங்க” என்றாள் ரஹீமுன்னிசா. “மூர் மார்க்கெட்டாண்ட துணிய விரிச்சுக் குந்தி கிராமபோன் ஊசி வித்தாலும் பொழச்சுக்கலாம்.”

“ஊசி வாங்கறதுக்கு யாரு வூட்ல பிளேட்டு கீது?” என்றார் அவர். கடை கம்பெனியுடையது. பட்டணத்தில் மிச்சமிருந்த பாட்டுக் கடைகளும் ஒவ்வொன்றாகக் கம்பெனிக்குக் கிளைகளாகிக்கொண்டிருந்தன. வீட்டு வாடகை கட்டும் நாள் மாதா மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

முதல் வாரம் அவர் ஒவ்வொரு தட்டையும் கையில் எடுத்து, பாடினவர் பெயரை வாய்விட்டுப் படித்து, அதன் பிறகுதான் கல்மேல் வைத்தார். நாளுக்கு நானூறு உடைய வேண்டிய இடத்தில் நூற்றிருபதுதான் உடைந்தது. புருஷோத்தமன் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் வந்து குந்தி, ஒரு தோழனைப் போலச் சொன்னார்:

“பேர் இருக்கிற பக்கத்தைக் கீழே போட்டு வையுங்கள் என்று சொல்லலாம். ஆனால் பாழாய்ப்போன தட்டில் இரண்டு பக்கமும் பேர் போட்டிருக்கிறான். கண்ணை மூடிக்கொண்டு அடித்துப் பாருங்கள், பாய். நான் முதல் ஆறு மாசம் அப்படித்தான் செய்தேன்.”

கலீலுல்லா கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். கை தானாகப் பழகிவிட்டது. மூன்றாம் மாதம் கண்ணைத் திறந்துகொண்டே நானூற்றுப் பத்து உடைத்தார்.